மூடாத கூரை ஜன்னல்

கூரை ஜன்னல் அழகாகத் திறந்தது. மூடத்தான் மறுத்தது.

மார்ச் மாதத்தில் எங்கள் தொக்மோக் ஊரில் பகல் வெயிலை நம்பிச் சட்டையைக் கழற்றலாம். பொழுது சாய்ந்தால் வாளித் தண்ணீர் உறைந்துவிடும். அந்த ஜன்னலுக்குக் கீழே, இரும்புச் சட்டமிட்ட கண்ணாடிக் கூண்டுக்குள் அக்கா புருலாயின் வெள்ளரி நாற்றுகள் இரண்டாவது இலை விட்டிருந்தன. அவை கருகினால் அவளுக்கு இந்த வருடம் விளைச்சல் இல்லை.

ஏணி ஏறி ஜன்னலைத் தள்ள அவள் இடுப்பு இப்போது ஒத்துழைப்பதில்லை. அதனால்தான் பழைய ஜிகுலி காரின் வைப்பர் மோட்டாரை வைத்து இந்த ஏற்பாடு. கல்லூரியைப் பாதியில் விட்டு பாய்லர் அறையில் இரவு வேலை பார்க்கும் நான் மின்சுற்றுப் படம் போட்டேன். இரண்டு ரிலே. ஒன்று இழுத்தால் மோட்டார் ஒரு பக்கம் சுற்றும், மற்றது இழுத்தால் மறுபக்கம். கார் மெக்கானிக்கான மச்சான் மெதெர்பெக் கம்பிகளைப் பூட்டினான்.

மூடும் பொத்தானை அழுத்தினேன். ரிலே டக்கென்றது. பியூஸ் போனது. புதியதைப் போட்டேன், அதுவும் போனது. மோட்டார் பல்லில் பூட்டிய ஜன்னல் கையால் தள்ளினாலும் அசையாது.

"மாப்ள, காலேஜ்ல இதுவரைக்கும்தான் சொல்லிக் குடுத்தாங்களோ? மூடுற பாடம் வர்றதுக்குள்ள ஓடி வந்துட்டியா?"

"திறந்துச்சில்ல?"

"கழுதைகூடத் திறக்கும். தள்ளு, ஒரு வண்டு வைக்கிறேன்."

பியூஸ் இடத்தில் முறுக்கி வைக்கும் தடித்த கம்பிக்கு எங்கள் ஊரில் வண்டு என்று பெயர். வண்டால் எரிந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

"கைய வெச்சே, கொன்னுடுவேன்."

"ரெண்டு பேரும் அப்புறம் கொன்னுக்கங்க," என்றாள் அக்கா. மெத்தைகளை இழுத்துவந்து நாற்றுகள் மேல் விரித்துக்கொண்டிருந்தாள். "வெளியில தண்ணி ஐஸ் ஆடை கட்டுதுடா."

என் படத்தில் தப்பில்லை. அதனால் மோட்டாரின் இரண்டு கம்பிகளையும் கழற்றினேன். பேட்டரியின் பிளஸிலிருந்து ஒரு பல்பு வழியாகக் கம்பி இழுத்து மோட்டாரின் வெறும் உடம்பைத் தொட்டேன். பல்பு எரிந்தது; கம்பியே இல்லாமல் அங்கே மைனஸ் இருந்தது.

"மச்சான், பேட்டரி மைனஸ எங்க கட்டுன?"

"கூண்டு இரும்புலதான். வேற எங்க கட்டுவாங்க?"

"யார் கட்டச் சொன்னா?"

"சொல்லணுமா? மைனஸுன்னா பாடில இருக்கணும். முப்பது வருஷமா எல்லாக் கார்லயும் அங்கதான் இருக்கு."

காரில் வைப்பர் மோட்டார் ஒரே பக்கம்தான் சுற்றும். அதனால் மோட்டாரின் ஒரு முனையை உள்ளேயே அதன் உடம்போடு இணைத்திருக்கிறார்கள். திறக்கும்போது அந்த முனையில் மைனஸ், தொல்லையில்லை. மூடும்போது அங்கே பிளஸ் போகிறது. அது மோட்டாரைப் பூட்டிய இரும்புச் சட்டம் வழியாக நேரே மைனஸில் போய் முட்டுகிறது.

"இது கார் இல்ல மச்சான். பின்னாலயும் போகணும்."

முணுமுணுத்துக்கொண்டே அவன் ஒரு நட்டைக் கழற்றி மைனஸைச் சட்டத்திலிருந்து விடுவித்தான். மோட்டார் கம்பிகளைத் திரும்ப மாட்டினேன். கையில் கடைசி பியூஸ்.

டக். மோட்டார் முனகியது. கண்ணாடி மெல்ல இறங்கிச் சட்டத்தில் உட்கார்ந்தது. சில்லென்று இறங்கிக்கொண்டிருந்த காற்று நின்றது.

"காலையில திறக்குமா?" என்றாள் அக்கா.

திறந்து காட்டப் போனேன். "வேணாம், வேணாம், நம்புறேன்," என்று கையைத் தட்டிவிட்டாள். பிறகு மெத்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். ஒரு நாற்றும் ஒடியவில்லை.

"அந்தக் கோடி ஜன்னலுக்கும் இதே மாதிரி வெச்சுக் குடுங்க," என்றாள்.

மச்சான் ஏற்கெனவே யாருடைய வண்டியிலிருந்து மோட்டாரைக் கழற்றலாம் என்று போனில் விசாரித்துக்கொண்டிருந்தான்.