சலவைக்கு நூத்தம்பது

ஜூலைக் குளிரோடு வரிக் கணக்குக் காலமும் பிறந்துவிட்டால் வாரகல் முதியோர் இல்லத்தின் டீ ரூமில் டேரில்தான் ராஜா. பெரியவர்களைக் குளிப்பாட்டி ஊட்டிவிடுகிற வேலைதான் அவனுக்கு. ஆனால் வருமான வரிப் படிவம் என்று வந்துவிட்டால் ஆடிட்டரெல்லாம் அவனிடம் பிச்சை வாங்க வேண்டும். யார் கேட்டாலும் போனிலேயே நிரப்பிக் கொடுப்பான். கூலி ஒரு பாக்கெட் பிஸ்கட்.

"யூனிஃபார்ம் சலவைச் செலவுன்னு நூத்தம்பது டாலர் வரைக்கும் கழிச்சுக்க ரசீதே வேணாம். கண்ணை மூடிட்டுப் போடு," என்பான். எட்டு வருஷமாக அவனும் அப்படித்தான் போட்டு வருகிறான்.

இந்த வருஷம் நோலீன் வந்தாள். இல்லத்தின் சலவை அறையில் இருபத்திரண்டு வருஷமாக இருப்பவள். அவள் படிவத்தை எழுதித் தந்துகொண்டிருந்த புருஷன் மார்ச்சில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ரசீதுகளை மேஜையில் கொட்டினாள். எல்லாம் ரப்பர் கையுறை வாங்கியது. இல்லத்தில் கொடுப்பது இரண்டே நாளில் கிழிந்துவிடும். பிளீச் பட்டு அவள் விரல்கள் வெடித்திருந்தன.

டேரில் மளமளவென்று நிரப்பிக்கொண்டே போனான். சலவை என்ற இடம் வந்தது.

"அதுல பூஜ்யம் போடு கண்ணு," என்றாள் நோலீன். "என் சட்டையை இங்கதானே துவைக்கிறேன். அவங்க மெஷின், அவங்க பவுடர்."

"அட, எல்லாரும் போடறதுதான். இங்க பாருங்க," என்று தன் போன வருஷப் படிவத்தைத் திறந்து நீட்டினான். புத்தி எங்கே போனதோ.

நோலீன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். "சலவை, நூத்தம்பது." அவள் முகத்தில் கிண்டல் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "உன் சட்டையை நான்தானே துவைக்கிறேன்?"

கிருமி பரவும் என்று இல்லத்துச் சட்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. டேரிலின் ஐந்து சட்டைகளும் வாரம் தவறாமல் அவள் கையால் மடித்துத்தான் வரும். அவள் பாட்டுக்குத் துவைத்திருக்கிறாள், இவன் அதற்கு வரி ஆபீஸில் காசு வாங்கியிருக்கிறான். காது மடல் சுட்டது அவனுக்கு.

"வீட்டுலயும் சிலது துவைப்பேன்," என்றான்.

"அப்படியா," என்றாள் அவள். ரசீதுகளைப் பைக்குள் அள்ளிப் போட்டாள். அந்த 'அப்படியா'தான் அவனைக் கொன்றது.

அன்றைக்குச் சட்டைகளை யாருக்கும் தெரியாமல் பைக்குள் திணித்து வீட்டுக்குக் கொண்டுபோனான். சொன்ன பொய்யை நிஜமாக்கிவிடலாம் என்று நப்பாசை. வாஷிங் மெஷினில் போட்டு, ஹீட்டர் மேல் காயவைத்து, ஈரம் போகாத ஒன்றையே மறுநாள் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

சலவை அறை வாசலில் நோலீன் மடக்கிவிட்டாள். "நேத்து உன் அழுக்குத் துணிப் பை வரலையே. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்." சொல்லிக்கொண்டே அவன் காலரைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "இதை யார் துவைச்சது?"

"நான்தான்."

"பூசணி சூப் கறை அப்படியே இருக்கு. ஈரம் வேற. உள்ள வா, கழட்டு."

பனியனோடு நின்றான். அவள் கறையின் மேல் சோப்பைத் தேய்த்தாள். கையுறை போட்டுக்கொள்ளவில்லை. அந்த விரல்களைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான்.

"எட்டு வருஷமும் பொய்தான் நோலீன். நேத்து சொன்னதும் பொய். எல்லாத்தையும் திருத்தி எழுதிக் காசைத் திருப்பிக் கட்டிடறேன்."

"அதை வரி ஆபீஸ்ல சொல்லு. அவங்க காசுதானே." அவள் நிமிரவில்லை. "எட்டு வருஷத்துல நீ இந்த ரூமுக்குள்ள வந்தது இன்னிக்குத்தான். அது தெரியுமா உனக்கு?"

அவனுக்குத் தெரியவில்லை. பையை வாசலிலேயே எறிந்துவிட்டுப் போகிறவன் அவன்.

"கதவைச் சாத்து," என்றாள் நோலீன். "குளிர் வருது."