பார்க்காமல் பூசிய மலைகள்

ஸ்டூடியோவைத் தம்பி மகனிடம் ஒப்படைத்த மறுநாள் காலையில், உலகத்திலேயே மிக நீளமான பயணத்திட்டத்தை எழுத உட்கார்ந்தேன். அளந்துவிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பழைய காலண்டர் தாள்களின் முதுகில் எழுதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போனதில், அது சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்து, அடுப்படியைத் தாண்டி, கொல்லையில் கோழிக்கூண்டு வரைக்கும் போய்விட்டது. ஒரு கோழி அதன்மேல் நடந்து ஆடலூருக்கும் பழனிக்கும் நடுவில் எச்சமிட்டு, அங்கே இல்லாத ஒரு குன்றையே எழுப்பிவிட்டது.

1979ஆம் வருஷம், தை பிறந்திருந்தது. அதுவரை முப்பத்தாறு வருஷம் கொடைக்கானலில் போட்டோ பிடித்தவன், உபகாரம் என்கிற நான். பிடித்ததெல்லாம் என்ன? முகம். தேனிலவு முகம், பாஸ்போர்ட் முகம், மாதா கோயிலில் முதல் தடவை புதுநன்மை வாங்கிய பிள்ளைகளின் எண்ணெய் வழியும் முகம். ஏரியைப் பார்க்க வந்தவர்களுக்கு மஞ்சு மூடி ஏரி தெரியாது. அவர்கள் என் ஸ்டூடியோவுக்குள் தொங்கும், ஏரி வரைந்த படுதாவின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திருப்தியாக பஸ் ஏறுவார்கள். பத்து லட்சம் முகம் பார்த்திருப்பேன். சரி, ஒரு லட்சம். அதற்குக் கீழே இறங்க மாட்டேன்.

இனி முகமே கிடையாது, மலை மட்டும்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார டீச்சர் முப்பத்தாறு படம் எடுக்கிற கலர் ரோல் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஐந்து நாள், பன்னிரண்டு இடம், இடத்துக்கு மூன்று படம். மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர். அப்புறம் கீழே இறங்கிப் பண்ணைக்காடு, ஆடலூர் என்று சுற்றிப் பழனியில் முடிவு.

அந்தப் பன்னிரண்டையும் தேர்ந்தெடுக்க எனக்குக் கஷ்டமே இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மிஷன் லாரியில் தொற்றிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தேன். அவற்றுக்கு என் மனைவி சகாயராணி இருட்டறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, பஞ்சாலும் மெல்லிய பிரஷாலும் நிறம் பூசினாள். தபால் அட்டையாக விற்றோம். இந்தியாவில் பாதி வீட்டு அலமாரியில் அந்த அட்டை இருக்கிறது. மீதிப் பாதி வீட்டுக்காரர்கள் ஊட்டிக்குப் போனவர்கள்.

அந்த அட்டைகளை மேசையில் பரப்பி, நிறத்தைப் பார்த்துப் பார்த்து நேரம் குறித்தேன். மன்னவனூர்: மாலை ஐந்து மணி, புல்வெளி பொன்னாகும் வேளை. பூம்பாறை: விடிகாலை, பின்மலை ஊதாவாகும் வேளை. கண்ணை மூடினாலும் அந்தப் பொன்னும் ஊதாவும் எனக்கு அப்படியே தெரிந்தன.

கடைசித் தாளில் ஜீப்பின் படத்தைப் போட்டு, யார் யாருக்கு எங்கே இடம் என்று கட்டம் கட்டினேன். சகாயராணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள்.

"இது யாரு?"

"டிரைவர் நாச்சிமுத்து."

"இது?"

"நான்."

"பின்னால?"

"கேமராப் பெட்டி, அரிசி, ஸ்டவ், கம்பளி, குடை. அது மூணுகால் ஸ்டாண்டு. குலுங்காம இருக்கணும்ல, அதான் தனி சீட்டு."

"ஸ்டாண்டுக்குத் தனி சீட்டு" என்றாள். விரலை அந்தக் கட்டத்தின் மேல் வைத்தாள். "ஏங்க, நானும் வரேனே. நான் ஏரிக்கு மேக்கால போனதே இல்ல."

"நீ வந்தா கோழிய யாரு பாக்கிறது? அடுத்த தடவை போகலாம் ராணி."

அடுத்த தடவை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? அந்த ஒரு கணக்கில் மட்டும் நான் கூட்டிச் சொல்லவே தேவையில்லை. பண்ணைக்காட்டிலிருந்து கல்யாணமாகி மலையேறி வந்தவள். முப்பத்து நாலு வருஷமாகக் கோயில், சந்தை, ஸ்டூடியோ. அவள் எழுந்து போய்த் தாளின் மேலிருந்த கோழியை விரட்டினாள். வழக்கமாகக் கோழிக்கு விழாத ஒரு திட்டு அன்றைக்கு விழுந்தது.

மறுநாள் வெள்ளனே நாச்சிமுத்து வந்தான். மன்னவனூர்க்காரன். நாற்பது வயசு, அங்கேயே பிறந்து வளர்ந்து, கேரட்டும் உருளைக்கிழங்கும் ஜீப்பில் இறக்குபவன். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு திட்டத்தைக் குனிந்தபடியே அடுப்படி வரைக்கும் படித்துக்கொண்டு போனான். போனவன் அப்படியே பின்னுக்கு நடந்து திரும்பி வந்தான்.

"ஐயா, இது எந்த மன்னவனூருங்க?"

"ஏலே, உன் ஊருதான்."

"எங்க ஊர்ல எங்கங்க பொன்னு கெடக்கு? தையில பனி விழுந்து புல்லெல்லாம் கருகிக் கெடக்கும். அதும் நீங்க குறிச்ச எடத்துல நாலு மணிக்கே வெயிலு மலைக்கு அந்தப் பக்கம் எறங்கிரும். அஞ்சு மணிக்கு நீங்க இருட்டத்தான் போட்டா புடிக்கணும்."

நான் அட்டையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். "இந்தா பாரு. நானே நின்னு எடுத்தது. என் கண்ணால பாத்த பொன்னு!"

அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. விசும்பலோ என்று பயந்து ஓடினேன். சகாயராணி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அய்யோ, அன்னைக்குப் பச்சை பாட்டில் காலிங்க! மதுரையிலருந்து புதுசு வரல. மஞ்சள்தான் நெறைய இருந்துச்சு, பூசிட்டேன்."

"அப்ப பூம்பாறை ஊதா மலை?"

"அது தவக்காலம். கோயில்ல மாதா சுரூபத்த மூடுற துணி ஊதாவா, பாக்க எனக்கு ரொம்பப் புடிக்கும். மலைக்கும் இருக்கட்டுமேன்னு போட்டேன்."

நாச்சிமுத்து காப்பியைத் துப்பாமல் விழுங்கப் பட்ட பாடு இருக்கிறதே! எனக்குக் காலடியில் பன்னிரண்டு மலையும் சரிந்தன. இருபத்திரண்டு வருஷமாக என் கண்ணுக்குள் இருந்த பொன்னும் ஊதாவும் அவள் கைக்கு எட்டிய பாட்டில்களாம். நான் பார்த்த நிறம் எது? யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவில் இல்லை.

"அதெல்லாம் சரி, நெசமா என்ன நிறம்? அதையாவது சொல்லு, திட்டத்த மாத்திருவோம்."

"எனக்கு எப்பிடிங்க தெரியும்? லாரியில இருந்து எறங்கி வந்தீங்க. என்ன நிறம்னு கேட்டேன். 'மலை மலை கலர்ல இருந்துச்சு'ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டீங்க." சிரிப்பு அடங்கியிருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பன்னெண்டு மலைக்குப் பூசியிருக்கேன். எங்க ஊரு தவிர அதுல ஒரு மலையப் பாத்ததில்ல. பாத்திருந்தா ஒழுங்காப் பூசியிருப்பேன்."

நாச்சிமுத்து காலி டம்ளரை உற்றுப் பார்த்தான். நான் கடைசித் தாளை இழுத்து வைத்துக்கொண்டேன். பென்சிலை எடுத்து, ஜீப் கட்டத்தில் ஸ்டாண்டை அடித்துவிட்டு 'ராணி' என்று எழுதினேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "அரிசி மூட்டையோட நான் உக்கார மாட்டேன்."

"பின்ன?"

"முன் சீட்டு. ஸ்டாண்டு மாதிரி நீங்க பின்னால போங்க. குலுங்காம இருங்க."

"அம்மா சொல்றதுதாங்க சரி. முன்னால உக்காந்தாத்தான் மலை தெரியும்" என்றான் நாச்சிமுத்து. முந்தின நிமிஷம் வரை அவன் என் பக்கத்து ஆள்.

கோழிகள் பக்கத்து வீட்டு வீரம்மாளிடம் போயின. வியாழக்கிழமை கிளம்பினோம். பூம்பாறை வளைவுகளில் என் மண்டை ஜீப்பின் கூரையில் ஆயிரத்து நானூறு தடவை மோதியது. முன்னால் இருந்தவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அவளுக்கு வேறு சோலி இருந்தது. இந்தப் பக்கம் கண்ணாடி, அந்தப் பக்கம் கண்ணாடி என்று கழுத்து ஓயவில்லை. பூம்பாறையில் நிறுத்தட்டுமா என்று நாச்சிமுத்து கேட்டதற்கு, "மொதல்ல அந்தப் புல்லு" என்றுவிட்டாள்.

மன்னவனூர்ப் புல்வெளிக்கு நடுப்பகலில் போய்ச் சேர்ந்தோம். பழுப்பு. தண்ணீர் கூடிப்போன டீயின் நிறம். சகாயராணி இடுப்பில் கை வைத்து நாலு திசையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நான் பூசுனதே நல்லாருக்கு."

ஒரு படமும் எடுக்காமல் நாச்சிமுத்து வீட்டில் தங்கினோம். விடியும்போது அவள்தான் என்னை உலுக்கி எழுப்பி இழுத்துக்கொண்டு போனாள்.

புல் முழுக்க வெள்ளை. உறைபனி. வெயில் மேட்டின் உச்சியைத் தொட்டதும் அந்த வெள்ளை ஓரத்திலிருந்து உருக ஆரம்பித்தது. உருகிய இடம் முதலில் நீலம் மாதிரி, பிறகு செம்பு மாதிரி, பிறகு எதுவென்று சொல்ல முடியாத ஒன்று. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் நடந்தாள்.

"அங்கேயே நில்லு ராணி, ஒண்ணு எடுக்கிறேன்!"

"என்னைய விடுங்க, புல்ல எடுங்க. அந்தா பாருங்க, மாறுது. வெரசா! இந்தா, மறுபடி மாறுது!"

எடுத்தேன். அவள் கை காட்டிய பக்கமெல்லாம் எடுத்தேன். மறுநாள் விடியலிலும் எடுத்தேன். அதற்கு மறுநாளும் அங்கேதான். மூன்றாம் நாள் காலையில் நாச்சிமுத்து தலையைச் சொறிந்தான்.

"ஐயா, இன்னும் பதினோரு எடம் கெடக்குங்க. இன்னைக்கு எறங்கலேன்னா பழனிக்குப் போய்ச் சேர முடியாது."

நான் கேமராவைப் பார்த்தேன். ரோலில் நாலே படம் பாக்கி. மேட்டில் சகாயராணி எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, விரல்களை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். நிறங்களாகத்தான் இருக்க வேண்டும்.

"அம்மாவக் கேளு" என்றேன்.

அவன் போய்க் கேட்டான். கேட்டவன் திரும்பி வரவில்லை. அவளுக்குப் பக்கத்திலேயே அவனும் உட்கார்ந்துவிட்டான்.