ஊர் என்றொரு ஆள்

சொர்ணலதா புருஷனின் கறுப்பு வக்கீல் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல் நின்றாள்.

“எங்கப்பா பேரு இன்னிக்கு உங்க வாயில வரக்கூடாது.”

ஆதித்தன் இட்லித் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். “கோர்ட்ல, ஊர்ல சொன்னாக, அவன் தப்படிச்சான்னு மட்டும் சொல்றேன். அதுக்கு மேல நான் பேசல. போதுமா?”

அதற்குப் பிறகுதான் கோட்டு கைக்கு வந்தது.

மலையாள எல்லையை ஒட்டிய அவள் பிறந்த ஊரில், குடை ரிப்பேர் பார்க்க வந்த மலையாளத்துக்காரர் ஒருவரைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்தே கொன்றிருந்தார்கள். அடித்த கைகளெல்லாம் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றன. தப்புப் பறையடித்துக் கூட்டம் கூட்டினான் என்று காலனிச் சுருளியாண்டி மட்டும் கூண்டில் நின்றான். தப்பெடுக்கச் சொன்னவர் ஊர்ப் பெரியவர் மலைச்சாமி, சொர்ணலதாவின் தகப்பனார். அவர் சொன்னால் காலனிக்காரன் எடுத்தாக வேண்டும், அது வழக்கம். அந்தப் பாழாய்ப்போன வழக்கத்தை மட்டும் யாரும் கூண்டில் ஏற்றவில்லை. சுருளியாண்டிக்கு அரசாங்கம் அமர்த்திக் கொடுத்த வக்கீல்தான் ஆதித்தன்.

கோர்ட்டில் முன்வரிசையிலேயே மாமனார் உட்கார்ந்திருந்தார். ஆதித்தன் அவரைப் பார்க்காமல் எழுந்தான், காகிதங்களைப் புரட்டினான், மூடினான்.

“கனம் நீதிபதி அவர்களே, இவன் ஊர் ஏவியதைச் செய்கிறவன். மறுக்கத் தெரியாதவன். இவன் கையிலிருந்த தப்புக்கு எவ்வளவு புத்தியோ, அவ்வளவுதான் இவனுக்கும். இவனுக்கா ஆயுள் தண்டனை?”

நல்ல வாதம். சுருளியாண்டி விடுதலையாகிவிடுவான், மாமனார்மேல் தூசும் படாது. ஆதித்தனுக்குத்தான் நிலைகொள்ளவில்லை.

“அய்யா, ஒரு வார்த்தை,” என்றான் கூண்டிலிருந்து சுருளியாண்டி.

நீதிபதி தலையசைத்தார்.

“எனக்குப் புத்தி இருக்குங்கய்யா. அந்தக் குடைக்காரரு எங்க தெருவுக்கும் வந்து போறவரு, வேணாஞ்சாமின்னு சொன்னேன். தப்பெடுக்கலைன்னா காலனியில ஒரு கூரை மிஞ்சாதுன்னாக. புள்ளகுட்டிய நெனச்சு அடிச்சேன். வக்கீலய்யா ஊரு ஊருங்கிறாக. ஊருன்னு ஒரு ஆளு எங்கிட்ட வந்து பேசலீங்க. பேசினது அந்தா அங்கன உக்காந்திருக்காகளே, அவுக.”

மலைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மருமகனையே பார்த்தார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “என்ன வக்கீல் சார், புத்தியில்லாதவன் என்றீர்கள். எதை எழுதிக்கொள்வது?”

ஆதித்தனை வெட்கம் பிடுங்கித் தின்றது. காலையில் சொர்ணலதா நின்ற நிற்பும் கண்ணுக்குள் வந்தது.

“என் வாதத்தை அடித்துவிடுங்கள். அவர் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள்.”

“அவர் காட்டும் ஆளின் பெயர்?”

“மலைச்சாமி,” என்றான் ஆதித்தன். “என் மாமனார்.”