பச்சைத் தலை

எங்கள் வளவில் அடிபம்புகள் இரண்டு. ஒன்று என் சமையலறைக்குப் பின்னால். மற்றது குளத்துக்கு அந்தப் பக்கம், ஓரகத்தி ஹாஜெரா அக்காவின் முற்றத்தில். முதன்முதலாகச் சோதனைக்கு வந்தவர்கள் தண்ணீரைச் சின்னப் புட்டியில் பிடித்துப் பொடி போட்டு, மூடிக்குள் ஒரு காகிதத்தை வைத்துக் காத்திருந்தார்கள். என் பம்பில் ஆர்சனிக் இருந்தது. அதன் தலையில் சிவப்பு அடித்தார்கள். அக்காவின் பம்புக்குப் பச்சை. மண்ணுக்கடியில் இயற்கையாகவே இருக்கிற விஷம், யாரும் போட்டதல்ல என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து தினம் இரண்டு முறை இடுப்பில் குடத்தோடு குளத்தைச் சுற்றி நடந்தேன். என் தலை தெரிந்ததும் அக்கா, "வாங்க நவாப் வீட்டம்மா, பம்பு உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்துச்சு" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். மூன்று வருடம் கேட்டால் சிரிப்பும் குத்தும்.

2004 வெள்ளம் ஏறுவதற்கு முன்பு, எல்லோரையும் போல நாங்களும் பம்புத் தலைகளைக் கழற்றிவிட்டுக் குழாய் வாயைப் பாலித்தீனால் கட்டினோம். அக்கா வீடு தாழ்வில் இருந்ததால் இரண்டு தலைகளும் என் வீட்டில்தான் இருந்தன. சுவர் இடிந்து விழுந்ததில் சிவப்புத் தலை இரண்டாக உடைந்தது. பச்சைக்கு ஒன்றும் ஆகவில்லை.

தண்ணீர் வடிந்ததும் மெக்கானிக் கெராமத் வந்தான். என் கணவர் தொபாஜ்ஜல் நிவாரண அரிசி வாங்கப் போயிருந்தார். ஒரு தலைதானே இருக்கிறது, எங்கே மாட்டட்டும் என்று கெராமத் கேட்டான். நான் என் சமையலறைப் பின்புறத்தைக் காட்டினேன்.

அந்தப் பச்சையை இரும்புக்கு அடித்தார்களா, தண்ணீருக்கு அடித்தார்களா என்று யோசிக்கவே இல்லை என எழுதினால் பொய். ஒரு கணம் யோசித்தேன். வெள்ளம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போயிருக்கும் என்று கெராமத் சொன்னான். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் அரிசி மூட்டையோடு வந்த கணவர் பச்சையைப் பார்த்ததும் மகிழ்ந்து, நின்ற இடத்திலேயே இரண்டு சொம்பு குடித்தார். அக்காவின் கணவர் டாக்காவிலிருந்து புதுத் தலை வாங்கி அனுப்பினார். அதில் எந்த நிறமும் இல்லை. அக்கம்பக்கத்தார் குடங்களோடு என் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா மட்டும் தன் பம்பிலேயே குடித்தாள். ஒருநாள் வேலிக்கு அப்பால் நின்று கேட்டாள்:

"லைலி அம்மா, அந்தப் பச்சை பெயின்ட் கையில ஒட்டிக்கிட்டா, கையும் நல்ல கையாயிடுமா?"

கூட்டம் என் பக்கம் திரும்பிவிட்ட பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

மகள் லைலி அடுத்த வருடமே கல்யாணமாகிப் போனாள். ஆறு வருடத்தில் என் கணவரின் உள்ளங்கையில் மணி மணியாகத் தடித்தது. என் கையிலும் வந்தது; எனக்கு அதோடு நின்றது. அவருக்கு வலது கைச் சுண்டுவிரலில் ஆறாத புண். மருத்துவமனையில் முதலில் கேட்டதே என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றுதான். "பச்சை பம்புதான் டாக்டர்" என்றார். டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்தார்.

2013இல் மறுசோதனைக்கு நர்கிஸ் என்ற பெண் வந்தாள். அதற்குள் விரலை எடுத்திருந்தார்கள், இருமல் தொடங்கியிருந்தது. புட்டியை முற்றத்தில் வைத்துவிட்டு இருபது நிமிடம் காத்திருந்தோம். மூடியைத் திறந்தபோது காகிதம் காய்ந்த புகையிலையின் நிறத்தில் இருந்தது. அவள் நிற அட்டையோடு ஒப்பிட்டாள், பழைய பதிவைப் புரட்டினாள்.

"இந்த இடத்துப் பம்பு சிவப்புன்னுதானே இருக்கு. பச்சை இங்க எப்படி வந்துச்சு? யாரு மாத்தி மாட்டினது?"

தண்ணீருக்கு வந்திருந்த பெண்கள் குடங்களைக் கீழே வைத்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தாம்மா" என்றார் அவர். "வெள்ளம் வடிஞ்சப்போ நான்தான் இங்க மாட்டச் சொன்னேன்."

அதன்பின் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசவில்லை. நானும் எடுக்கவில்லை. நர்கிஸ் பச்சையின் மேல் சிவப்பு அடித்துவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து குளத்தைச் சுற்றிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஏழு மாதம் குடித்தார். பௌஷ் மாதத்துப் பனியில் மூச்சு நின்றது.

நாற்பதாம் நாள் சாப்பாட்டில் நான் பரிமாறிக்கொண்டிருந்தபோதே ஒருவர் சொன்னார், பாவம், நல்ல மனுஷன், தன் அஜாக்கிரதையால் தானும் போய், நாலு வீட்டுக்கும் நோயைக் கொடுத்துவிட்டான் என்று. தலையாட்டினார்கள். கேட்டுக்கொண்டே அடுத்த தட்டுக்குச் சோறு போட்டேன்.

மறுநாள் தண்ணீருக்குப் போனபோது அக்கா கைப்பிடியை என்னிடம் கொடுக்காமல் தானே அடித்தாள்.

"அன்னைக்கு அவன் அரிசிக்குப் போயிருந்தான்" என்றாள்.

"தெரிஞ்சா ஏன்க்கா சொல்லல?"

"அவன்தான் தன் மேல போட்டுக்கிட்டானே. சாகப்போறவனைப் பொய்யன்னு சொல்லச் சொல்றியா?" குடம் நிறைந்தது. "சொல்ல வேண்டியவ நீ."

லைலி இன்றும் அப்பாவின் மேல் கோபமாக இருக்கிறாள். போன ரம்ஜானுக்கு வந்தபோதும், அப்பா கொஞ்சம் யோசித்திருந்தால் இப்போதும் இருந்திருப்பாரே என்று அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதனால் எழுதுகிறேன்.

லைலி, உன் அப்பா அன்று வீட்டில் இல்லை. இங்கே மாட்டு என்று கைகாட்டியது நான்.