பிரகாஸுக்குப் பதில் றமீஸ்

எங்கள் வீட்டுப் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் மைதானம். மதிலில் ஏறி உட்கார்ந்து பந்து பார்க்கிறவர்களின் முதுகு எங்கள் குசினியைப் பார்த்து இருக்கும். அவர்கள் கதைப்பதெல்லாம் என் காதில்தான் விழும். வெண்மணல் கழகத்தைப் பற்றி இந்த ஊரில் யார் எதைச் சொன்னாலும் முதலில் கேட்கிறவள் நான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு மீன் கழுவுவேன். ஏனென்றால் அந்தக் கழகத்தின் கோச் என் புருஷன், நஸீர் சேர்.

இந்த முறை லீக்கில் வெண்மணல் கடைசியில் கிடக்கிறது. இன்னும் ஒரே ஒரு ஆட்டம். அதிலும் தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். அதனால் மதிலில் ஆளுக்கொரு வைத்தியம். போன் கடை ஸப்ரியின் கதையைக் கேட்டால் ஐரோப்பாவின் பெரிய கழகங்களெல்லாம் இவனிடம் கேட்டுத்தான் ஆள் இறக்குகின்றன என்று நினைக்கத் தோன்றும். முன்னுக்கு இரண்டு பேர் நிற்க வேண்டும் என்பான். ஒருவன் போதும், நடுவில் ஆளைக் கூட்டு என்று இன்னொருவன் பாய்வான். விங்கில் ஓடுகிற றிஸ்வான் பந்தை விடுவதே இல்லை என்று ஒரு குற்றச்சாட்டு. விட்டால் வாங்குவதற்கு முன்னால் எவன் இருக்கிறான் என்று அதற்கு ஒரு பதில். பிரகாஸ் ஒருவனைப் பற்றித்தான் சண்டை இல்லை. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. விடியக் கடலுக்குப் போய்விட்டுப் பின்னேரம் வந்து கோல் அடிப்பான். இந்த வருஷம் விழுந்த நாலைந்து கோல்களும் அவன் அடித்தவைதான்.

அந்தப் பிரகாஸைத்தான் ஞாயிற்றுக்கிழமை என் புருஷன் வெளியே எடுத்தார். ஒரு கோலால் வென்றுகொண்டிருந்த நேரம். அவருடைய குரல் மதிலைத் தாண்டி எனக்குக் கேட்டது.

“றமீஸ், இறங்கு மனே. முன்னுக்குப் போ.”

கத்தியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

இப்போது அணியில் இருக்கிற றமீஸ் அரிசி ஆலைக்கார அப்துல் ஸமடின் மகன். பின்வரிசையில் யாருக்காவது கால் பிரண்டால் போடலாம் என்று வைத்திருக்கிற கட்டைப் பிள்ளை. முன்னால் நின்று ஒரு நாளும் விளையாடியதில்லை. தன்னையா கூப்பிடுகிறார் என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டானாம். அவர் கையால் விரட்டினாராம். பிரகாஸ் சட்டையைக் கழற்றி நிலத்தில் அடித்துவிட்டு வெளியே வந்தான். அதற்குப் பிறகு எங்கள் வலைக்குள் இரண்டு கோல் விழுந்து தோற்றுப்போனோம்.

ஆட்டம் முடிந்தும் மதிலை விட்டு ஒருவரும் இறங்கவில்லை. இது வெளிநாட்டு உத்தி, உயரப் பந்துக்குப் பின்வரிசைக்காரனை முன்னால் விடுவார்கள் என்று ஸப்ரி தொடங்கினான். உயரப் பந்துக்கு இந்தக் கட்டையனையா என்று கேட்டதும் அவனே கட்சி மாறிவிட்டான். தமிழ்ப் பொடியனை எடுத்துவிட்டு நம்ம பொடியனைப் போட்டிருக்கிறார் என்று ஒருவன் சொன்னான். அது பிழை என்று சொல்லவும் அங்கே ஆள் இருந்தது, நல்லவேளை. கடைசியில்தான் அந்த அரிசி மூட்டை வந்தது. ஸமடின் ஆலையிலிருந்து கோச் வீட்டுக்கு அரிசி போயிருக்கிறதாம். மஃரிப் தொழுகைக்கு ஒரு மூட்டையாக இருந்தது இஷாத் தொழுகைக்குள் லொறியாகிவிட்டது.

எவ்வளவோ யோசித்தார்கள். உண்மை மட்டும் ஒருவனுக்கும் எட்டவில்லை.

அவர் கூப்பிட்டது இந்த றமீஸை அல்ல. ஸமடின் தம்பி றமீஸை. முன்பு வெண்மணலின் முன்வரிசையில் நின்றவன். நெடிய பிள்ளை, மூலையிலிருந்து கோணர் பந்து வந்தால் எல்லாத் தலைக்கும் மேலே அவனுடைய தலைதான் தெரியும். அண்ணனும் தம்பியும் இவரிடம் படித்தவர்கள், எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். சுனாமியன்று காலையில் றமீஸ் கடற்கரைக்கு ஓடப் போனான். மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. பிறகு ஸமடுக்கு ஆண்பிள்ளை பிறந்தபோது தம்பியின் பெயரையே வைத்தான். எங்கள் கரையில் அப்படிப் பெயர் வாங்கிய பிள்ளைகள் நிறைய. ஒருவரைக் கூப்பிட்டால் இன்னொருவரும் நினைவுக்கு வந்துவிட்டுப் போவார்.

நோன்புக்குப் பிறகுதான் அவரிடம் வித்தியாசம் கண்டேன். தொழுதுவிட்டு வந்து திரும்பவும் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போவார். செத்துப்போன சாச்சாவுக்குச் சோறு வைத்தாயா என்பார். டொக்டர் என்னைத் தனியாக வைத்துச் சொன்னார்: மூளை தேய்கிற வருத்தம், குறையாது, கூடத்தான் செய்யும். பிரஷர் குளுசை என்று சொல்லித்தான் மருந்தைக் கொடுக்கிறேன். பிள்ளைகளுக்குக்கூட நான் சொல்லவில்லை. பந்தைப் பற்றிக் கதைத்தால் அவரிடம் ஒரு பிசகும் தெரியாது. அந்தக் கடைசி ஆட்டமும் முடியட்டும், கழகம் மாலை போட்டு அனுப்பட்டும், மனுஷன் மரியாதையோடு வீட்டுக்கு வரட்டும் என்று இருந்தேன். நஸீர் சேருக்கு மூளை பிசகிவிட்டது என்று அந்த மதில் ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு அவர் மையித்தாகும்வரை அதுதான் அவருடைய பெயர்.

திங்கட்கிழமை அசர் தொழுதுவிட்டு வந்தார்கள். கழகத் தலைவர், ஸப்ரி, கூடவே ஸமட். ஸமடின் முகம் சிவந்து கிடந்தது. லொறி லொறியாக அரிசி கொடுத்துப் பிள்ளையை விளையாட வைத்தவன் நீதானே என்று சந்தையிலேயே அவனைக் கேட்டிருக்கிறார்கள். நான் பிளேன்டீயை அவர் கையிலேயே கொடுத்தனுப்பிவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

“சேர், நீங்க பள்ளிக்கு வந்து ஒரு வார்த்த சொல்லணும்,” என்றான் ஸமட். “நான் ஒங்களுக்கு ஒண்டும் தரல்லண்டு அல்லாஹ்வ முன்வெச்சுச் சொல்லுங்க. எங்கட குடும்பத்த ஒருத்தரும் இப்பிடிக் கதச்சதில்ல.”

அவர் சிரித்தார். பள்ளிக்கு வருவதற்கு என்ன, தொழப் போகிற இடம்தானே என்றார். தலைவர் தயங்கித் தயங்கி, அப்படியானால் பிரகாஸை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார். என் புருஷன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேசையில் இருந்த கோப்பைகளை நகர்த்தி வைத்து விளங்கப்படுத்தினார். எதிரணி எங்கே இறுக்கியது, றிஸ்வானுக்கு எந்தப் பக்கம் அடைபட்டது, பிரகாஸ் எப்போது களைத்தான், எல்லாம் சரியாகச் சொன்னார். ஸப்ரிகூடத் தலையாட்டத் தொடங்கிவிட்டான். எனக்கு மூச்சு வந்தது.

“மறுகா, கடைசி நேரத்துல கோணர் கோணராத்தானே கிடைச்ச,” என்றார் அவர். “கோணர் பந்துக்கு றமீஸ விட்டா நம்மள்ட்ட வேற ஆர் இரிக்கா?”

“சேர், அவன் என்ட தோளுக்கும் இல்லயே,” என்றான் ஸப்ரி.

“ஒனக்கு என்ன தெரியும்? மட்டக்களப்பு பைனல்ல அவன் போட்ட ரெண்டு கோலும் தலையால போட்ட. கேட்டுப் பாரு இவன்ட்ட. தம்பியத் தோள்ல தூக்கிக்கிட்டு வந்தவன் இவன்தானே.”

ஸப்ரிக்கு விளங்கவில்லை, அந்த பைனல் நடந்தபோது அவன் பிறக்கவே இல்லை. தலைவர் வேறு ஊரிலிருந்து பிற்காலத்தில் இங்கே கலியாணம் முடித்து வந்தவர். ஸமடுக்கு மட்டும் விளங்கியது. அவன் கோப்பையை வைத்துவிட்டு அவருடைய முகத்தையே பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பித் திரைப் பக்கம் பார்த்தான். நான் முகத்தை மறைக்க மறந்து நின்றேன். என் முகத்தில் எல்லாம் இருந்திருக்கும்.

நான் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். லஞ்சக் கதை அந்த இடத்திலேயே செத்திருக்கும். ஸமடின் பெயரும் துலங்கியிருக்கும். வெளியே போகத்தான் நினைத்தேன். திரையைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

“சேர வுடுங்க,” என்றான் ஸமட் தலைவரிடம். “என்ட மகன ஒரு ஆட்டத்துலயாவது முன்னுக்குப் போடுங்கண்டு நான்தான் காலப் புடிச்ச. அரிசியும் நான்தான் அனுப்பின. சேர் வேணாண்டுதான் சொன்ன, நான் கேக்கல்ல.”

“என்னடா கதைக்கிறாய்? எந்த அரிசி?” என்றார் என் புருஷன்.

வந்தவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கடைசி ஆட்டத்துக்குச் சேர் சிரமப்பட வேண்டாம் என்று தலைவர் மரியாதையாகச் சொன்னார். ஸப்ரி போனைக் கையில் எடுத்துக்கொண்டே படியிறங்கினான். தெரு முனைக்குப் போகுமுன் அது ஊரெல்லாம் போய்விடும். இனி என் புருஷன் அரிசிக்கு ஆட்டத்தை விற்றவர். எனக்கு அது பொறுக்கவில்லை. அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆறுதலாகவும் இருந்தது. மூளை பிசகியவர் என்பதை விட இது பரவாயில்லை என்று என் மனம் கணக்குப் பார்த்தது. அந்தக் கணக்கில் ஸமடின் மானமும் அவன் மகனுடைய விளையாட்டும் போனதை நான் பார்த்தும் பார்க்காதவள்போல் நின்றேன். அந்தப் பிள்ளை இனி எந்த முகத்தோடு மைதானத்துக்குள் வருவான்?

ஸமட் கடைசியாகச் செருப்பைப் போட்டான். அவர் கேற்றடிவரை கூடப் போய் அவன் தோளில் கையை வைத்தார். நானும் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். என்னை முந்திக்கொண்டு அவர் கதைத்தார்.

“நாளைக்குப் பின்னேரம் தம்பிய அனுப்பு. கோணர் பழக்கணும். காலையில இரிந்து ஆளக் காணல்ல, எங்க போய்ட்டான்?”

ஸமட் என்னைப் பார்க்கவில்லை. தோளில் இருந்த கையைத் தன் கையால் பொத்திக்கொண்டான்.

“கடக்கரைக்கு ஓடப் போனான் சேர்,” என்றான். “வந்த உடன அனுப்புறன்.”