தொலைத்தவரே பெருக்க வேண்டும்

என் நாத்தனாருக்குத் தெரியாத வேத வசனமே கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவரேதான் சொல்வார். சபையில் ஞாயிறு பள்ளியைக் கட்டி ஆள்கிறவர். பிள்ளைகள் அவரைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அப்பேர்ப்பட்டவர் அந்தச் சனிக்கிழமை என் வீட்டில் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது.

முதலில் எங்கள் வீட்டுக் கதை நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க நின்று, சீட்டில் டாக்டர் கிறுக்கியதைப் படித்துப் படித்துக் கண் பூத்துப்போய் வீட்டுக்கு வருவேன். அதற்குப் பிறகு என் பிள்ளைகளை உட்காரவைத்துப் பிரசங்கம் பண்ண எனக்குத் தெம்பும் இல்லை, திறமையும் இல்லை. அதனால் வேதக் கதையை நடித்துவிடுவோம். துணிக்கூடை, பெருவெள்ளத்தில் மிதந்த பேழை ஆகும். கட்டிலுக்கு அடியில், தீர்க்கதரிசியை விழுங்கிய மீனின் வயிறு. என் மகன், மூன்று வயசு வாண்டு, உள்ளே போனால் வெளியே வரவே மாட்டான், மீன்தான் கெஞ்ச வேண்டும்.

என் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது காணாமல் போன காசின் கதை. பத்துக் காசில் ஒன்றைத் தொலைத்த பெண், விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கித் தேடுகிறாளே, அதுதான். எங்கள் வீட்டில் அதற்குச் சட்டம் உண்டு. ஒருவர் பொருளை இன்னொருவர் ஒளித்துவைக்க வேண்டும். தொலைத்தவரே விளக்கைப் பிடித்துப் பெருக்கித் தேட வேண்டும். ஒளித்தவர் என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. கிடைத்ததும் தொலைத்தவர் வாசலுக்குப் போய், "தொலைஞ்சது கிடைச்சிருச்சு, எல்லாரும் வாங்க!" என்று கூவி, வருகிறவர்களுக்கு பிஸ்கட் கொடுக்க வேண்டும். எதிர்வீட்டு டெய்லர் பல தடவை வாயில் ஊசியோடு வந்து, "இன்னைக்கு என்னம்மா கிடைச்சுது? போன வாரம் ஒத்தைச் செருப்பு" என்று கேட்டுவிட்டு, பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

சட்டங்களை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றுகிறவள் என் மகள். ஆறு வயசு. வாதாடி வாதாடியே வீட்டில் 'வக்கீல்' என்று பேர் வாங்கியவள். ஒரு முறை அவளிடம், "இந்தக் கதையில அந்தப் பொம்பளை யாரு தெரியுமா? கடவுள்தான். நம்மைத் தேடி மூலை முடுக்கெல்லாம் பெருக்குறாரு" என்று சொன்னேன். "கடவுளுக்கு இடுப்பு வலிக்காதா?" என்று கேட்டாள். "வலிக்கும், ஆனா விட மாட்டாரு" என்றேன். எனக்குத் தெரிந்த இறையியல் அவ்வளவுதான். கடவுள் நம்மைத் தேடுகிறவர், நம்மைப் பிடித்துக் கொடுக்கிறவர் இல்லை. அது என் பிள்ளைகள் மனசில் பதிந்தால் போதும் என்று இருந்தேன்.

நாத்தனாருக்கு அது போதவில்லை. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். அன்றைக்கு அவருக்கு இரவு வண்டி. அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், சாயங்காலமே வந்து, வந்ததும் வராததுமாகப் பிள்ளைகளை நிறுத்திவைத்து, கடவுள் கல்லில் எழுதிக் கொடுத்த பத்துக் கட்டளைகளை, அதாவது பத்துக் கற்பனைகளைக் கேட்டார். வக்கீல் எட்டு வரைக்கும் சொல்லிவிட்டு ஒன்பதில் திணறினாள்.

"இதுதான் நீ வளர்க்குற லட்சணமா? வேதத்தை விளையாட்டுச் சாமான் ஆக்கி வச்சிருக்கே" என்றார் அண்ணி என்னிடம்.

"விளையாட்டா சொன்னாதான் அதுங்க மனசுல நிக்குது அண்ணி."

"நானும் எத்தனையோ பிள்ளைங்களை ஆளாக்கியிருக்கேன். ஒரு நாளாவது இந்தக் கூத்தெல்லாம் ஆடினது கிடையாது."

வக்கீல் நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு தடவைகூட விளையாடினதில்லையா அத்தை?"

"இல்லவே இல்ல" என்றார் அண்ணி பெருமையாக. என் மகள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கவனித்திருக்க வேண்டும். ஆனால் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணி சமையலறைக் குழாயில் கை கழுவும்போது கல்யாண மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பார். சோப்பு உள்ளே தங்கி விரல் புண்ணாகிறதாம். அன்றைக்கும் வைத்தார். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டு அக்கா வாளியோடு வந்தாள். எங்கள் கட்டடத்தின் நாலு மாடிப் படியையும் கழுவுகிறவள். கீழ்க்குழாயில் தண்ணீர் வராத நாட்களில் என் வீட்டில்தான் பிடித்துக்கொள்வாள். உள்ளே வந்தாள், வாளியை நிரப்பினாள், வாண்டின் கன்னத்தைக் கிள்ளினாள், போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அண்ணி ஜன்னலைப் பார்த்தார். மோதிரம் இல்லை.

தேட வேண்டாமா? தரையில் விழுந்ததா, தொட்டிக்குள் போனதா என்று ஒரு மனுஷி குனிந்து பார்க்க வேண்டாமா? அண்ணி குனியவே இல்லை. நேரே வாசலுக்குப் போனார்.

"ஏ, நில்லுடி! எடு மோதிரத்தை!"

எத்தனையோ வருஷமாகப் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நிற்கிற குரல் அது. மாடிமாடியாகக் கதவுகள் திறந்தன. டெய்லர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார். கட்டடத்துச் சொந்தக்காரர் கீழ்வீட்டிலிருந்து ஏறி வந்தார். அக்கா பாதிப்படியில் துடைப்பத்தோடு நின்றாள்.

"என்ன மோதிரம்மா? நான் தண்ணி மட்டும்தான் பிடிச்சேன்."

"நீ வந்துட்டுப் போனே, மோதிரமும் போயிருச்சு. பையைக் கொட்டு."

"அண்ணி, என்ன பேசுறீங்க?" என்று நான் குறுக்கே போனேன். "அவங்க தினமும் வந்து போறவங்க. ஒரு ஸ்பூன்கூடக் குறைஞ்சதில்ல. முதல்ல உள்ள தேடுவோம்."

"நீ சும்மா இரு. உன்னை மாதிரி இளிச்சவாய் இருக்கிற வீட்டுலதான் இதெல்லாம் நடக்கும்."

அந்த நேரத்தில் வக்கீல் என் இடுப்பை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அத்தை, இப்போ எல்லாரையும் கூப்பிடக் கூடாது. கிடைச்ச பிறகுதான் கூப்பிடணும்!"

"பெரியவங்க பேசுற இடத்துல உனக்கென்ன வேலை? உள்ள போ!"

எனக்கு இருந்த கோபத்தில் அவள் சொன்னது காதில் விழுந்ததே தவிர மனசில் ஏறவில்லை. நான் சொந்தக்காரரிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அக்கா பையைத் தலைகீழாகப் பிடித்துவிட்டாள். ஒரு சாப்பாட்டு டப்பா, சீப்பு, மாற்றுச் சேலை, தலைவலித் தைலம், தன் பிள்ளைக்காக வாங்கியிருந்த பென்சில் பெட்டி. எல்லாம் ஈரப்படியில் உருண்டன. அண்ணி சேலையைக் கால்விரலால் புரட்டிப் பார்த்தார். ஆமாம், காலால்! மறுநாள் காலையில் அந்தக் காலோடுதான் போய்ப் பிள்ளைகளுக்கு அன்பைப் பற்றிப் பாடம் எடுக்க இருந்தார்.

மோதிரம் இல்லை.

"எங்க முழுங்கினாளோ!" என்றார் அண்ணி. "களவு செய்யக் கூடாதுன்னு இவங்களுக்கெல்லாம் யாரு சொல்லிக் குடுத்திருப்பா?"

"எட்டாவது கற்பனையைச் சொல்றீங்களே, அதுக்கு அடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்க!" என்று நான் கத்தினேன். "பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுன்னும் அதே கல்லுலதான் எழுதியிருக்கு!"

சொந்தக்காரர் கையை உயர்த்தினார். அந்த மனுஷருக்கு எப்போதும் சத்தம் அடங்கினால் சரி, நியாயம் எப்படிப் போனாலும் கவலை இல்லை. "பிரச்சினை வேண்டாம். போலீஸ் கீலீஸ்னு போகாம இதோட விட்டுருவோம்" என்றார். பிறகு அக்காவைப் பார்க்காமலே, "நாளையிலேருந்து நீ வர வேண்டாம்" என்றார்.

"ஐயா, நான் எடுக்கல. இங்க அனுப்பிட்டா பக்கத்துக் கட்டடத்துலயும் சேர்த்துக்க மாட்டாங்க. அங்க உள்ளவங்களும் உங்களைத்தானே கேப்பாங்க?"

அவர் இறங்கிப் போய்விட்டார். கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. டெய்லர் மட்டும் என்னை ஒரு முறை பார்த்தார், அப்புறம் அவரும் போனார். அக்கா படியில் உட்கார்ந்து பென்சில் பெட்டியை முந்தானையால் துடைத்தாள். நான் உதவக் குனிந்தேன். "விடு தாயி, நான் எடுத்துக்கிறேன்" என்றாள். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் வீட்டுத் தண்ணீரைப் பிடித்ததற்கு அவளுக்குக் கிடைத்தது அது.

உள்ளே வந்தால் அண்ணி நாற்காலியில் சாய்ந்து விசிறிக்கொண்டிருக்கிறார். சண்டை போட்டுக் களைத்துவிட்டாராம். நான் வாயைத் திறக்கப்போன நேரத்தில், வக்கீல் ஒரு கையில் டார்ச், மறு கையில் துடைப்பத்தோடு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"இந்தாங்க அத்தை. நீங்க இதை மறந்துட்டீங்க."

"பாரு, என் கையில துடைப்பத்தைக் குடுக்குது! இதைத்தான் சொல்லிக் குடுத்தியா?"

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மகளின் முகத்தைப் பார்த்தேன். உதட்டை இறுக்கமாக மூடிக்கொண்டிருந்தாள், கண் மட்டும் சிரித்தது. ஒளித்தவர் என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. ஐயோ, நான் போட்ட சட்டம்!

எங்கே என்று கேட்டு நானே எடுத்துக் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. வேண்டுமென்றேதான் செய்யவில்லை.

"அண்ணி, எழுந்திருங்க. பெருக்குங்க."

"என்னது?"

"மோதிரம் இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கு. தொலைச்சவங்கதான் பெருக்கணும். பெருக்குங்க."

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அண்ணி எழுந்தார். ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டார். வக்கீல் டார்ச் பிடித்தாள். பேனா மூடி வந்தது, காய்ந்த பிஸ்கட் வந்தது, நான் மாசக்கணக்கில் பெருக்காத தூசியெல்லாம் சுருள்சுருளாக வந்தது. வரட்டும், என் வீட்டு அழுக்குதானே! கடைசியில் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். மோதிரம் உருண்டு வந்து வாண்டின் காலடியில் விழுந்தது. அவன் கை தட்டினான்.

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அது ஒரு நொடிதான். மோதிரத்தை விரலில் திணித்துக்கொண்டு என் மகளிடம் திரும்பினார்.

"திருட்டுக் கழுதை! நீயா எடுத்தே?"

வக்கீலின் உதடு பிதுங்கியது. "நான் எடுக்கல அத்தை. ஒளிச்சேன். நீங்க ஒரு தடவைகூட விளையாடினதில்லைன்னு சொன்னீங்கல்ல. கிடைச்சா சந்தோஷமா இருக்கும்னு..."

"அண்ணி!" என்றேன். "இன்னைக்கு ஒருத்தியைத் திருடின்னு சொன்னது பத்தாதா? இன்னொரு வார்த்தை வந்துச்சு, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

அவர் இறங்கிவந்தார். "சரி சரி. அதான் கிடைச்சிருச்சுல்ல. எதுக்கு மறுபடி ஊரைக் கூட்டணும்? அந்தப் பொண்ணுகிட்ட நான் அப்புறமா பக்குவமாச் சொல்லிக்கிறேன். கதவைச் சாத்து."

கதவைச் சாத்தவாம்! தொலைந்தபோது கட்டடத்தையே எழுப்பிய வாய், கிடைத்தபோது கதவைச் சாத்தச் சொல்கிறது. நான் பதில் சொல்வதற்குள் வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்துவிட்டாள். கதவை அகலத் திறந்தாள்.

"அத்தை, இப்போதான் கூப்பிடணும். அப்போ தப்பா கூப்பிட்டீங்க. வாங்க, நீங்கதான் சொல்லணும். தொலைச்சவங்கதான் சொல்லணும்."

"எனக்கு நேரமாச்சு" என்று அண்ணி கைப்பையைத் தேடினார். கைப்பை என் கையில் இருந்தது.

"கதை முடியல அண்ணி" என்றேன்.

படியில் அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்திருந்தாள். வாளியில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. வக்கீல் ஓடிப்போய் டப்பாவை நீட்டினாள். "அக்கா, எங்க அத்தை மோதிரம் கிடைச்சிருச்சு. கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. நான்தான் ஒளிச்சேன். பிஸ்கட் எடுத்துக்கோங்க."

அக்கா பிஸ்கட்டைத் தொடவில்லை. என் மகளின் தலைக்கு மேலாக அண்ணியைப் பார்த்தாள். அண்ணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை.

"கிடைச்சிருச்சு" என்றார் அண்ணி, தன் மோதிரத்திடம் சொல்வதுபோல. "நீ எடுக்கல."

அக்கா பையைக் கீழே வைத்தாள்.

"எனக்குக் கேட்டுச்சும்மா. நான் எடுக்கலன்னு எனக்கு முதல்லயே தெரியும். நீங்க திருடின்னு கத்தினது நாலாவது மாடி வரைக்கும் கேட்டுச்சு. இதுவும் அங்க வரைக்கும் கேக்கணும்."

"ஆமா அத்தை, சத்தமாச் சொல்லணும்" என்றாள் வக்கீல். "அதான் சட்டம்."

அண்ணி தொண்டையைச் செருமினார். முதல் தடவை பாதியில் உடைந்தது. அக்கா அசையாமல் நின்றாள். இரண்டாம் தடவை பாட்டுக்குழுக் குரல் வந்துவிட்டது.

"என் மோதிரம் வீட்டுக்குள்ளயே கிடைச்சிருச்சு! அவ எடுக்கல! நான்தான் அநியாயமாச் சொல்லிட்டேன்!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மேலே ஒன்று திறந்தது, அதற்கும் மேலே ஒன்று. கீழே சொந்தக்காரரின் செருப்புச் சத்தம் படியேறி வருவது கேட்டது. அக்கா அவர் வரும் வரைக்கும் காத்திருந்தாள். அவர் முகத்துக்கு நேரே ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள்.