இருபதாம் நாள் காய்ச்சல்

"அம்மா, மிஸ் டில்மனுக்கு மட்டும் நாளைக்கு உடம்பு முடியாதுன்னு இன்னைக்கே எப்படித் தெரியுது?"

அக்டோபரில் ஒருநாள், பள்ளி விட்டு வரும்போது காரின் பின்னிருக்கையிலிருந்து ஜூனி கேட்டாள். மறுநாள் பாடம் முழுவதையும் போர்டில் எழுதிவைத்து, சமத்தாக இருக்கச் சொல்லிவிட்டுப் போனாராம் டீச்சர்.

"பேசாம வா," என்றாள் லூர்லீன். பதில் அவளுக்குத் தெரியும். அந்தக் காய்ச்சலை அனுப்புகிறவளே அவள்தான்.

மிசிசிப்பியில் ஒரு சின்ன மாவட்டத்தின் பள்ளிக் கல்வி அலுவலகத்தில், ஆசிரியர் நியமனப் பிரிவில் அவளுக்கு வேலை. ஜூனி படிக்கும் மூன்றாம் வகுப்புக்கு நிரந்தர ஆசிரியர் என்று யாருமில்லை. மூன்று வருடமாக ஒடெஸ்ஸா டில்மன்தான் தற்காலிகமாகப் பாடம் நடத்துகிறார். இடைவிடாமல் இருபது நாள் ஒரே வகுப்பில் நின்றால் தற்காலிக ஆசிரியருக்கு ஒப்பந்தமும் மருத்துவக் காப்பீடும் தானாகவே சேர்ந்துவிடும். பிறகு யாராலும் அதைத் தடுக்க முடியாது. மாவட்டம் எழுதிய விதி. அந்த விதி பலிக்காமல் பார்த்துக்கொள்வதும் மாவட்டம்தான். பத்தொன்பதாம் நாள் மதியம் லூர்லீன் போன் செய்வாள். மறுநாள் பதிவில் 'உடல்நலக் குறைவு' என்று தட்டுவாள். அன்றைக்குச் சாப்பாட்டுக்கூடத்து அம்மா வந்து குழந்தைகளுக்குக் கார்ட்டூன் போடுவார்.

"சரி தங்கம்," என்று ஒடெஸ்ஸா சிரிப்பார். "போன தடவை வயித்துவலி. இந்த வாட்டி கொஞ்சம் கௌரவமான நோயாப் பாத்துக் குடு."

ஜூனிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராது என்று முந்தைய ஆசிரியர்கள் கைவிட்டிருந்தார்கள். ஒடெஸ்ஸா தினமும் மதியம் தன் ரொட்டியில் பாதியை அவளுக்குக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வரிக்குக் கீழே விரல் வைத்து நகர்த்தினார். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு ஜூனி தேவாலயத்தில் எழுந்து நின்று, ஒரு சொல்லிலும் தடுமாறாமல் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தாள். கண்கலங்கிப் போன லூர்லீன் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். ஒடெஸ்ஸா பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"டாக்டர்கிட்ட காட்டலையா, மிஸ் ஒடெஸ்ஸா?"

"காட்டினேன். சர்க்கரை கண்ணைத் தின்னுதாம். காப்பீடு இருந்தா ஊசி போடலாமாம். பாட்டெல்லாம் மனப்பாடம், தங்கம். பிள்ளைங்க முகந்தான் மங்கிப்போகுது."

மறுநாள் திங்கள். பத்தொன்பதாம் நாள்.

லூர்லீன் இயக்குநர் ஹைட்டின் அறைக்குப் போனாள். அவர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

"சார், இந்தத் தடவை அந்தம்மாவை விட்டுடலாம். கண்ணு போயிட்டிருக்கு."

"நான் என்ன கண் டாக்டரா? ஒருத்தருக்குக் குடுத்தா நாப்பது பேரு வந்து நிப்பாங்க."

"நல்லா இருக்கிறவங்களுக்கு உடம்பு முடியலைன்னு என் கையால பொய் எழுதறேன், சார். என் பொண்ணு கேள்வி கேக்குறா."

"பொய்னு ஏன் சொல்ற? பணி இடைவெளின்னு சொல்லு. மதியத்துக்குள்ள போன் பண்ணிடு. ஜாக்சன்ல எனக்கு மூணு நாள் கூட்டம்."

"என்ன கூட்டம், சார்?"

"ஆசிரியர் பற்றாக்குறை."

அவர் கார் போகும்வரை லூர்லீன் ஜன்னலருகே நின்றாள். பள்ளிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று புலம்ப ஊர்விட்டு ஊர் போகிறார்கள். கிடைத்த ஒருத்தியின் கண்ணுக்கு எதிராக இங்கே உட்கார்ந்து நாள் எண்ணுகிறார்கள். எண்ணிக் கொடுத்தது தன் விரல்கள்தானே என்று நினைத்தபோது கோபம் அவள் மேலேயே திரும்பியது.

மதியம் வந்தது, போனது. அவள் போனைத் தொடவில்லை. வியாழனன்று ஹைட் திரும்பி வந்து கேட்டால், 'நான் பண்ணலை' என்று சொல்லிவிடுவது என முடிவுசெய்தாள். வேலை போனாலும் போகட்டும்.

செவ்வாய் மாலை அலுவலகத்தில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். லூர்லீன் வருகைப் பதிவைத் திறந்தாள். டில்மன், ஒடெஸ்ஸா. இருபதாம் நாள். 'வந்திருந்தார்' என்று தட்டினாள். காப்பீட்டுப் படிவம் அச்சாகி வந்தது. அதை உறையிலிட்டு, தன் பெயர் எங்கும் இல்லாமல் ஒடெஸ்ஸாவின் முகவரியைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதி, தபால் தட்டில் வைத்தாள்.

விளக்கை அணைத்துவிட்டு ஜூனியை அழைத்துவரப் போனாள்.